அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி: லாஜிக்கல் கோவையை எப்படிப் பார்ஸ் செய்வது

வயது >= 18 && (உறுப்பினர் || !(நிலுவை > 0 && முடக்கம்))

இப்படி ஒரு வரி வருகிறது (&& என்றால் மற்றும், || என்றால் அல்லது, ! என்றால் இல்லை). ஃபில்டர் பெட்டியில் யூசர் டைப் செய்திருக்கலாம், கான்ஃபிக் ஃபைலில் இருக்கலாம், ஏதோ ஒரு ஃபார்மில் எந்தப் புலத்தைக் காட்டுவது என்று முடிவு செய்யும் விதியாகவும் இருக்கலாம். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் உண்மையா பொய்யா என்று விடை சொல்ல வேண்டும்.

பலரும் முதலில் இறங்குவது ஸ்ட்ரிங்கை வெட்டி ஒட்டும் வேலையில்தான். ரெகுலர் எக்ஸ்பிரஷன் வைத்து ஆக உள்ளே இருக்கும் அடைப்புக்குறியைத் தேடு, அதன் விடையைக் கண்டுபிடி, அந்த இடத்தில் உண்மை அல்லது பொய் என்று எழுது, அடைப்புக்குறி தீரும் வரை இதையே செய். டெமோவில் ஓடும். பெயர் == "குமார் (மூத்தவர்)" என்று ஒரு மதிப்பு வந்ததும் மேற்கோளுக்குள் இருக்கும் அடைப்புக்குறியையும் சேர்த்துப் பிய்த்துவிடும். மதிப்புகளை ஸ்ட்ரிங்குக்குள் நட்டுவிட்டுப் பிறகு ஆராய்ந்தால் இன்னும் மோசம். ஒருவர் தன் பெயர்ப் புலத்தில் || என்று எழுதி வைத்தால் விதியே மாறிவிடும். பிழை எந்த இடத்தில் என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் மூல வரி அதற்குள் உருமாறிப் போயிருக்கும்.

இன்னொரு குறுக்கு வழி, மொழியிலேயே இருக்கும் ஈவால், அதாவது ஸ்ட்ரிங்கை அப்படியே கோடாக ஓட்டும் ஃபங்ஷன். யூசர் எழுதுவது எதுவானாலும் உங்கள் சர்வரில் ஓடும் என்பதுதான் அதன் பொருள். பைத்தானில் பில்ட்-இன்களைக் காலியாக்கிவிட்டு ஈவாலைக் கூப்பிட்டால் பத்திரம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதைத் தாண்டிப் போகும் வழிகள் ஊரறிந்தவை.

சரியான வழி ஒன்றும் பெரிதில்லை. எழுத்துகளை டோக்கன்களாக்கு (பெயர், எண், குறி என்ற சிறு துண்டுகள்), டோக்கன்களை மரமாக்கு (இதுதான் பார்சரின் வேலை), மரத்தில் ஏறி மதிப்பைக் கண்டுபிடி. மூன்று வேலை, மூன்று இடம். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யத் தொடங்கும் இடத்தில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன.

டோக்கன்

வேண்டியவை கொஞ்சம்தான்: பெயர், எண், மேற்கோள் ஸ்ட்ரிங், ஒப்பீட்டுக் குறிகள், &&, ||, !, இரண்டு அடைப்புக்குறிகள், கடைசியில் ‘முடிவு’ என்று ஒரு போலி டோக்கன். முடிவு டோக்கன் இருந்தால், பார்சரில் ஒவ்வொரு இடத்திலும் ‘இன்னும் ஏதாவது மீதி இருக்கிறதா’ என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு டோக்கனோடும் அது தொடங்கிய இடத்தைச் சேர்த்து வையுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சேர்க்கவே மாட்டீர்கள்.

நீளமான குறியை முதலில் பார்க்க வேண்டும். > என்பதை >= என்பதற்கு முன்னால் சோதித்தால், மீதி = அநாதையாக நிற்கும். ! என்பதற்கும் != என்பதற்கும் அதே கதை. ஒற்றை = வந்தால் ‘தெரியாத எழுத்து’ என்று கைவிரிக்காமல் ‘== என்று எழுத நினைத்தீர்களா’ என்று கேளுங்கள். யூசர் செய்யும் தவறுகளில் இது அடிக்கடி வருவது. மற்றும், அல்லது போன்ற சொற்களையும் ஆப்பரேட்டராக ஏற்கிறீர்கள் என்றால், முழுச் சொல்லையும் படித்து முடித்த பிறகுதான் அது ஆப்பரேட்டரா பெயரா என்று முடிவு செய்ய வேண்டும். முதல் சில எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டால் அல்லது_குழு என்ற பெயர் இரண்டாக உடையும்.

வேர்டு ஃபைலிலிருந்து காப்பி செய்து ஒட்டிய விதிகளில் வளைந்த மேற்கோள்கள் வரும், உடையா இடைவெளி வரும், கண்ணுக்கே தெரியாத அகலமில்லா இடைவெளியும் வரும். மேற்கோள் ஸ்ட்ரிங்குக்கு வெளியே இருக்கும்வரை இவற்றை நேரானதாகவே எடுத்துக்கொள்வது நல்லது. உள்ளே இருந்தால் தொடாதீர்கள், அது டேட்டா.

புலப் பெயர்கள் தமிழில் இருந்தால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ‘வயது’ என்பதன் கடைசியில் வரும் உகரக் குறி, யூனிகோடு கணக்கில் எழுத்து இல்லை, சேர்ப்புக் குறி. புள்ளியும் அப்படித்தான். ஆகவே பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ‘சொல் எழுத்து’ வகை, வயது என்பதை ‘வயத’ வரை எடுத்துவிட்டு நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் அதே வகை தமிழ் எழுத்து ஒன்றைக்கூட எடுக்காது. எழுத்து, சேர்ப்புக் குறி இரண்டையும் பெயரின் தொடர்ச்சியாக ஏற்கும்படி நாமே எழுத வேண்டும். அடுத்தது, ‘கொ’ என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு. பெயர்களை யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றிவிட்டே தேடுங்கள், இல்லாவிட்டால் ‘கொள்முதல் என்ற புலம் இல்லை’ என்று பிழை வரும், புலமோ கண்ணெதிரே இருக்கும்.

பிழை இடத்தைக் காட்டும்போதும் இதே சிக்கல். மேலே உள்ள விதியில் முதல் திறப்பு அடைப்புக்குறி, புரோகிராம் எண்ணினால் 15-ஆவது இடம், மனிதர் எண்ணினால் 14-ஆவது. ‘து’ இரண்டு குறியாக எண்ணப்படுவதுதான் காரணம். நிறையப் புள்ளியும் கொம்பும் உள்ள வரியில் அம்புக்குறி எங்கோ தள்ளிப் போய் நிற்கும். இடத்தை எண்ணாகச் சொல்வதைவிட, பிழையான டோக்கனையே எடுத்துக் காட்டுவது மேல்.

மரம்

முன்னுரிமையில் ! உச்சி, அதற்குக் கீழே &&, அடியில் ||. கணக்கில் பெருக்கல் கூட்டலை முந்துவது போல. இதை விட்டுவிட்டு இடமிருந்து வலமாகவே போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். அ உண்மை, ஆ பொய், இ பொய். அ || ஆ && இ என்பதன் சரியான விடை உண்மை. இடமிருந்து வலமாகப் போனால் (உண்மை || பொய்) && பொய், அதாவது பொய்.

எல்லா இடத்திலும் இந்த வரிசைதான் என்று நம்பிவிடவும் கூடாது. ஷெல்லில் கட்டளைகளுக்கு நடுவே வரும் && க்கும் || க்கும் ஒரே முன்னுரிமை. ரூபியில் சொல்லாக எழுதும் மற்றும், அல்லது இரண்டும் சமம், குறியாக எழுதினால் சமமில்லை. சி மொழியில் ஒற்றை & பிட் பிட்டாகக் கணக்கிடும் குறி; அங்கே கொடி & 4 == 0 என்று எழுதினால் முதலில் 4 == 0 கணக்கிடப்பட்டு, முழுக் கோவையும் எப்போதும் பொய்யாகவே இருக்கும். அதற்கு ஒரு வரலாறு உண்டு. சி-க்கு முந்தைய பி மொழியில் ஒற்றை & தான் லாஜிக்கல் வேலையையும் பார்த்தது. && பின்னால் வந்தபோது, ஏற்கெனவே எழுதிய கோடு உடையாமலிருக்க & அந்தத் தாழ்ந்த இடத்திலேயே விடப்பட்டது. ஜாவாஸ்கிரிப்ட் வேறு வழி எடுத்தது: ?? குறியை (இடப்பக்கம் மதிப்பு இல்லாவிட்டால் வலப்பக்கத்தை எடுக்கும்) || உடன் அடைப்புக்குறி இல்லாமல் கலந்தால் பார்ஸே ஆகாது. உங்கள் விதிகளை எழுதப்போவது புரோகிராமர் அல்லாதவர் என்றால், && யும் || யும் ஒரே மட்டத்தில் கலந்து வரும்போது அடைப்புக்குறி கேட்டு நிறுத்துவதே என் தேர்வு. கொஞ்சம் தொந்தரவுதான், ஆனால் தவறான ஆளுக்கு அனுமதி போவதைவிடப் பரவாயில்லை.

முன்னுரிமையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு ஃபங்ஷன். தாழ்ந்த படி, தனக்கு அடுத்த உயர்ந்த படியைக் கூப்பிடும். அவ்வளவுதான் சூட்சுமம். கீழே நோட் என்பது மரத்தின் ஒரு கணு, பிள்ளைகள் அதன் கிளைகள்.

அல்லது_பார்ஸ்():
    பிள்ளைகள் = [ மற்றும்_பார்ஸ்() ]
    அடுத்த டோக்கன் || ஆக இருக்கும் வரை:
        நகர்()
        பிள்ளைகள்.சேர்( மற்றும்_பார்ஸ்() )
    ஒன்றே ஒன்று என்றால் அதையே திருப்பு
    திருப்பு அல்லது_நோட்(பிள்ளைகள்)

மற்றும்_பார்ஸ்():
    இதே போல, || க்குப் பதில் &&, உள்ளே இல்லை_பார்ஸ்()

இல்லை_பார்ஸ்():
    அடுத்த டோக்கன் ! என்றால்:
        நகர்()
        திருப்பு இல்லை_நோட்( இல்லை_பார்ஸ்() )
    திருப்பு அடிப்படை_பார்ஸ்()

அடிப்படை_பார்ஸ்():
    அடுத்த டோக்கன் ( என்றால்:
        திறந்த_இடம் = இப்போதைய இடம்
        நகர்()
        உள்ளே = அல்லது_பார்ஸ்()
        அடுத்தது ) இல்லை என்றால் பிழை(திறந்த_இடம்)
        நகர்()
        திருப்பு உள்ளே
    திருப்பு ஒப்பீடு_அல்லது_பெயர்()

அ || ஆ && !(இ || ஈ) என்பதை இதில் விட்டுப் பார்ப்போம். முடிவு டோக்கனோடு சேர்த்து 11 டோக்கன். அல்லது_பார்ஸ் முதலில் மற்றும்_பார்ஸைக் கூப்பிடுகிறது. அது கீழே இறங்கி அ வை எடுத்துக்கொண்டு, அடுத்து || நிற்பதைப் பார்த்து, ‘இது என் குறி இல்லை’ என்று திரும்பிவிடுகிறது. அல்லது_பார்ஸ் || ஐ விழுங்கிவிட்டு மறுபடி மற்றும்_பார்ஸை அனுப்புகிறது. இம்முறை ஆ, பிறகு &&, அது இதன் குறி, விழுங்குகிறது. அடுத்தது !, இல்லை_பார்ஸ் அதை எடுத்துக்கொண்டு தன்னையே கூப்பிட, அது அடிப்படை_பார்ஸுக்குப் போக, அங்கே ( நிற்கிறது. உள்ளே புதிதாக ஒரு அல்லது_பார்ஸ் தொடங்கி இ, ஈ இரண்டையும் கட்டிக்கொண்டு ) கண்டதும் நிற்கிறது. வெளியே வரும் மரம்: அல்லது(அ, மற்றும்(ஆ, இல்லை(அல்லது(இ, ஈ)))). எத்தனை அடுக்கு அடைப்புக்குறி வந்தாலும் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை, கால் ஸ்டாக் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்று மொழியே வைத்திருக்கும் அடுக்கு) எண்ணிக்கொள்ளும். மரத்தில் அடைப்புக்குறிக்கு நோடே கிடையாது என்பதையும் கவனியுங்கள். அதன் வேலை வடிவத்தோடு முடிந்துபோனது.

இதில் சறுக்கும் இடங்கள் சில. இல்லை_பார்ஸ் தவறிப்போய் உள்ளே அல்லது_பார்ஸைக் கூப்பிட்டால், !அ || ஆ என்பது !(அ || ஆ) ஆகிவிடும். பாதி டெஸ்ட் கேஸ்களில் விடை சரியாகவே வரும் என்பதால் நாள்கணக்கில் ஒளிந்திருக்கும். மேலே உள்ள வடிவத்தில் !வயது == 18 என்று வந்தால், ! முழு ஒப்பீட்டையும் மறுக்கும், பைத்தானில் போல. சி-யில் ! வயதை மட்டும் பிடிக்கும். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள்.

இன்னொன்று, ஆகப் பொதுவானது: பார்ஸ் முடிந்ததும் நிற்பது முடிவு டோக்கன்தானா என்று பார்க்க மறப்பது. பார்க்காவிட்டால் ‘அ) && ஆ’ என்பதை அ என்று மட்டும் எடுத்துக்கொண்டு பார்சர் மகிழ்ச்சியாகத் திரும்பிவிடும். மீதி விதி காற்றில் போச்சு, பிழைச் செய்தியும் இல்லை.

கூட்டல் கழித்தலையும் அனுமதித்தால் (வயது + 2) > 20 என்று வரும். ( என்பதைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே இருப்பது லாஜிக்கா கணக்கா என்று சொல்ல முடியாது. முன்னால் எட்டிப்பார்த்து ஊகிக்க முயலாதீர்கள். ஒப்பீடு, கூட்டல், பெருக்கல் எல்லாவற்றையும் ஒரே ஏணியில் படிகளாக வைத்துப் பார்ஸ் செய்துவிட்டு, && இன் இருபுறமும் உண்மை/பொய் வகைதானா என்று மரத்தின் மேல் தனியாகச் சோதியுங்கள்.

கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1961-இல் எழுதிய ஷண்டிங் யார்டு முறையும் உண்டு. ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுவது) இல்லாமல் ஒரு ஸ்டாக்கில் ஆப்பரேட்டர், இன்னொன்றில் மதிப்பு. நன்றாகத்தான் இருக்கும், இரண்டு இடத்தில் கடிக்கும். ! முன்னால் வரும் குறி, அது வரும்போது ஸ்டாக்கிலிருந்து எதையும் வெளியே எடுக்கக் கூடாது. && போலவே நடத்தினால் !!அ என்பதில் இரண்டாவது !, மதிப்பு இன்னும் கிடைக்காத முதல் ! ஐ வெளியே தள்ளிவிடும். மற்றது, ‘அ ஆ ||’ என்ற தலைகீழ் வரியையும் அது சத்தமில்லாமல் ஏற்கும். இப்போது எதிர்பார்ப்பது மதிப்பா ஆப்பரேட்டரா என்று ஒரு கொடி வைத்துக்கொண்டால்தான் பிடிபடும். வான் பிராட் 1973-இல் தந்த பார்ஸ் முறை, படிகள் பத்துப் பன்னிரண்டு ஆகும்போது அருமை. மூன்றே படி என்றால், மேலே எழுதிய நான்கு ஃபங்ஷன் போதும்.

ஆழம்

அல்லது_நோட் இரண்டு பிள்ளைகளுக்குப் பதில் பட்டியலை வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மெஷின் உருவாக்கும் ஃபில்டர்களில் எண் == 1 || எண் == 2 || ... என்று 5000 துண்டுகள் வருவது சாதாரணம். இரண்டிரண்டாகக் கட்டினால் இடப்பக்கம் 4999 அடுக்கு ஆழமுள்ள மரம் கிடைக்கும், பார்சர் லூப்பில் தப்பித்தாலும் மதிப்பிடும்போது ரிகர்ஷன் வெடிக்கும். பட்டியலாக வைத்தால் ஆழம் ஒன்றுதான்.

அடைப்புக்குறி ஆழத்துக்கு வேறு மருந்து. மேலே உள்ள பார்சரில் ஒரு அடைப்புக்குறிக்கு நான்கு ஃபங்ஷன் அழைப்பு. பைத்தானில் ரிகர்ஷன் எல்லை வழக்கமாக 1000, ஆக 250 அடைப்புக்குறியைத் தொடும் முன்பே விழுந்துவிடும். சி போன்ற மொழியில் புரோசஸே போகும். வெளியாள் அனுப்பும் விதி என்றால் ஆழத்தை எண்ணி 50-இல் நிறுத்தி ஒழுங்கான பிழை கொடுங்கள். மனிதர் கையால் எழுதும் விதி 50 அடுக்கு போகாது.

மதிப்பு

மரத்தின் மேல் ஏறுவது எளிது என்று தோன்றும். பிள்ளைகள் எல்லாவற்றின் மதிப்பையும் முதலில் பட்டியலாகச் சேகரித்து, பிறகு ‘எல்லாம் உண்மையா’ என்று கேட்பது முதல் தவறு. எண்ணிக்கை != 0 && மொத்தம் / எண்ணிக்கை > 5 என்பதில் முதல் பகுதி பொய்யாகும்போது இரண்டாவதைத் தொடவே கூடாது, தொட்டால் பூஜ்ஜியத்தால் வகுத்தல். பிள்ளையை ஒவ்வொன்றாகக் கேட்டு, விடை முடிவானதும் நிறுத்துங்கள்.

பிள்ளையே இல்லாத குழு? ஃபார்மில் குழு சேர்த்துவிட்டு நிபந்தனை எதுவும் எழுதாமல் சேமித்தால் வரும். மற்றும்-குழு காலி என்றால் உண்மை, அல்லது-குழு காலி என்றால் பொய், கணித வழக்கம் அதுதான். ஆனால் காலி அல்லது-குழுவைச் சேமித்தவருக்கு ரெக்கார்டு ஒன்றும் வராமல் போகும், அவர் பக் என்று புகார் சொல்வார். சேமிக்கும்போதே தடுப்பது நல்லது.

உண்மையான தலைவலி, இல்லாத மதிப்பு. முடக்கம் என்ற புலம் ஒரு ரெக்கார்டில் இல்லவே இல்லை. பொய் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது முதல் யோசனை. அப்படியானால் !முடக்கம் உண்மையாகிறது, டேட்டா வராத ஒரே காரணத்தால் ஆள் உள்ளே போய்விடுகிறார். பிழை என்று நிறுத்தலாம், கண்டிப்பான அமைப்புக்கு அதுவே சரி. நடுவழி, டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல் செய்வது போல ‘தெரியாது’ என்ற மூன்றாவது மதிப்பு. தெரியாததன் மறுப்பும் தெரியாது. பொய் && தெரியாது என்றால் பொய், ஏனென்றால் மறுபக்கம் எதுவானாலும் பொய்தான். உண்மை || தெரியாது என்றால் உண்மை. மற்றதெல்லாம் தெரியாது.

மூன்று மதிப்பு வைத்தால் பாதியில் நிறுத்தும் விதி மாறும். && இல் பொய் கண்டால் மட்டும் நிறுத்தலாம், தெரியாது கண்டால் நினைவில் வைத்துக்கொண்டு தொடர வேண்டும், பின்னால் ஒரு பொய் காத்திருக்கலாம். தெரியாததைப் பொய்யாக மாற்றுவது மர உச்சியில், ஒரே ஒரு முறை. ஒவ்வொரு நோடிலும் மாற்றினால் ! வழியாக உண்மையாகித் திரும்பி வரும். எஸ்க்யூஎல்லும் உச்சியில்தான் முடிவு செய்கிறது: வரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் வேர் (WHERE) கிளாஸ் விடை உண்மையாகும் வரிசைகளை மட்டும் அனுமதிக்கும், சேமிக்கும் மதிப்பைச் சோதிக்கும் செக் (CHECK) கன்ஸ்ட்ரெயின்ட் தெரியாததையும் அனுமதித்துவிடும். பட்டியலில் ஒரு நல் (NULL, இல்லாத மதிப்பு) புகுந்துவிட்டால் நாட் இன் (NOT IN, பட்டியலில் இல்லை) ஒருபோதும் உண்மையாகாமல் போவதும் இதே கணக்குதான்.

வகையைச் சொல்லாமல் விட முடியாது. ஃபார்மிலிருந்து வரும் எல்லாம் ஸ்ட்ரிங். ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டால் "10" என்பது "9" ஐவிடச் சிறியது. ‘பொய்’ என்று எழுதிய ஸ்ட்ரிங், பல மொழிகளில் காலியில்லாத ஸ்ட்ரிங் என்பதால் உண்மை. மதிப்பிடும் இடத்தில் வகையை ஊகிக்காமல், புலத்துக்கு என்ன வகை என்ற அட்டவணையைப் பார்சருக்குப் பிறகு ஒருமுறை பொருத்திவிடுங்கள்.

விதியை டேட்டாபேஸ் கேள்வியாக மாற்றும்போது சிலர் மறுப்பை உள்ளே தள்ளுவார்கள். டி மார்கன் விதிப்படி !(அ && ஆ) என்பது !அ || !ஆ, இதில் குறையில்லை. அடுத்த படியாக !(விலை > 5) ஐ விலை <= 5 என்று எழுதினால் மிதவைப் புள்ளி எண்களில் மாட்டும். ‘எண் அல்ல’ (NaN) என்ற மதிப்பு, != தவிர எந்த ஒப்பீட்டுக்கும் பொய் சொல்லும், ஆகவே முதல் வடிவம் உண்மை, இரண்டாவது பொய்.

சோதனை

நான்கு பெயர் உள்ள கோவைக்கு மொத்தம் 16 சேர்க்கைதான், தெரியாததையும் சேர்த்தால் 81. எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கலாம், தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எதோடு ஒப்பிடுவது? டெஸ்டில் மட்டும், நீங்களே உருவாக்கிய பாதுகாப்பான பெயர்களோடு, மொழியின் ஈவாலைப் பயன்படுத்தலாம். தெரியாதது இருக்கும் சேர்க்கைகளுக்கு மட்டும் எதிர்பார்க்கும் விடையைக் கையால் எழுத வேண்டும்.

அதைவிடப் பலமானது திருப்பிப் பார்ப்பது. சும்மா ஒரு மரத்தைத் தாறுமாறாக உருவாக்குங்கள், ஸ்ட்ரிங்காக அச்சிடுங்கள், பார்ஸ் செய்யுங்கள், பழைய மரமே வருகிறதா என்று பாருங்கள். அல்லது-நோடுக்கு நேரடிப் பிள்ளையாக இன்னொரு அல்லது-நோடு வரும் மரங்களை உருவாக்காதீர்கள், ஒன்றே ஒன்று பிள்ளையுள்ள நோடுகளும் வேண்டாம். அடைப்புக்குறியைக் குறைத்து அச்சிட்டால் அவை தட்டையாகி, இல்லாத வித்தியாசத்தைக் காட்டும். முதலில் எல்லா இடத்திலும் அடைப்புக்குறி போட்டு அச்சிடுங்கள், பிறகு தேவையான இடத்தில் மட்டும் போடும் பிரின்டரை எழுதுங்கள். முன்னுரிமைப் பிழைகளை வெளியே இழுப்பது அந்த இரண்டாவதுதான். தோல்வி வந்ததும் மரத்தின் ஆழத்தை இரண்டாகக் குறைத்து மறுபடி ஓட்டினால், பத்து எழுத்துக்குள் அடங்கும் ஒரு கோவை கையில் கிடைக்கும், பெரும்பாலும் அதில் ஒரு ! இருக்கும்.